பசுமை ஆபீசும் ஒழுகிய சிரட்டையும்

உலகத்தைக் காப்பாற்றக் கிளம்புகிறவன் முதலில் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் வெள்ளைச் சட்டையைக் காப்பாற்றத் தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு இது தெரியாது. அந்த வயதில் தெரியாதவை இன்னும் ஏராளம் இருந்தன. ஆனால் தெரியாது என்பதும் தெரியாததால் மிகவும் நிம்மதியாக இருந்தேன்.

நான் பதுளை பஜாரில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவுக்கு அங்கே ஒரு கடை. என்ன கடை என்பதைச் சொல்லாமல் நைசாக நகர்ந்துவிடலாம் என்று பார்த்தேன், மனைவி விடமாட்டேன் என்கிறாள். பிளாஸ்டிக் கடை. வாளி, கூடை, கதிரை, தண்ணீர்ப் போத்தல் என்று கூரை வரை அடுக்கியிருக்கும். அந்தப் பிளாஸ்டிக் விற்ற வருமானத்தில் சாப்பிட்டு, அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்து படித்துத்தான் சுற்றாடல் பாடத்தில் டிப்ளோமா வாங்கினேன். அப்பா பெருமை தாங்காமல் சான்றிதழை லேமினேட் செய்து கடையில் மாட்டினார். (அதுவும் பிளாஸ்டிக்தான் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.)

பசறை ரோட்டில் ஒரு திருப்பத்திலிருந்து மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அதன் மேனேஜர், எங்கள் தொரை, இன்னும் உயிரோடு, நல்ல ஞாபகசக்தியோடு இருக்கிறார். அவர்தான் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "லோகு, வெளிநாட்டுக்குத் தேயிலை விக்கணும்னா பசுமைச் சான்றிதழ் வேணுமாம். மலையில வேண்டிய அளவுக்குப் பச்சை இருக்கு. ஆபீஸ்தான் மோசம். நீ டிப்ளோமாக்காரன், நீ பாத்துக்க" என்றார். அன்று மாலையே 'பசுமை அலுவலக இணைப்பாளர்' என்று ஒரு பலகை எழுதி என் மேசைமேல் வைத்துக்கொண்டேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை.

என் ஆர்வத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதன் பெயர் சுகன்யா. கொழுந்து பறிக்கப் போகும் அம்மாக்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போவார்களே, அந்தப் பிள்ளைமடுவத்தின் பொறுப்பாளர். நாங்கள் இருவரும் விரும்பிக்கொண்டிருந்தது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவளுடைய அப்பாவைத் தவிர. அவர் மாரிமுத்து, தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். எப்போதும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட பெரிய மீசை. அவர் மீசையைத் தடவினால் தொரை தண்ணீர் குடிப்பார் என்று ஆபீசில் சொல்வார்கள்.

சான்றிதழ்ப் பரிசோதனை நடக்கும் வாரத்து வெள்ளிக்கிழமை என் அப்பாவும் அம்மாவும் பெண் கேட்கப் போவதாக இருந்தது. அதற்கு முன்பு செவ்வாய்க்கிழமை தலைவரும் அவருடைய கமிட்டியும் ஆபீசுக்கு வரப்போகிறார்கள். சான்றிதழ் கொடுக்க வேண்டுமானால் நிர்வாகமும் தொழிலாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதைக் கொழும்பிலிருந்து ஒரு பரிசோதகர் அம்மா வந்து நேரில் பார்க்க வேண்டுமாம். சுகன்யா கறாராகச் சொல்லிவிட்டாள்: "செவ்வாக்கிழமை எங்கப்பாகிட்ட ஒரு நல்ல பேரு மட்டும் வாங்கிடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

நல்ல பேர்தானே? அது என் பிறவிக்குணம் என்று நினைத்தேன்.

ஆபீசைப் பசுமையாக்கும் வேலையை வெளிச்சத்தில் தொடங்கினேன். பகலில் மின்குமிழ் எரியக்கூடாது, சன்னல் வெளிச்சமே போதும் என்று அறிவித்தேன். நல்ல யோசனைதான், எங்கள் ஆபீஸ் சன்னலில் பாதி நாள் மூடுபனி வந்து நிற்காமல் இருந்தால். பெரிய கிளாக்கர் சிவஞானம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். அவர் மேசையைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்து, "தம்பி, நான் என்ன ஆந்தையே, இருட்டுக்குள்ள இருந்து கணக்குப் பாக்க?" என்று கேட்டார். "கண்ணு பழகிடும் ஐயா" என்றேன். பழகவில்லை. ஒரு நாள் வாசலில் தொப்பி மாட்டும் கம்பத்துக்கு 'குட் மோர்னிங் சேர்' சொல்லிவிட்டுப் போனார். (இந்த இருட்டைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.)

அடுத்தது வாகனமில்லாப் புதன்கிழமை. தொரை நல்ல மனிதர், ஜீப்பை விட்டுவிட்டு மழையில் நடந்தே மலைக்குப் போனார். திரும்பி வந்தபோது அவருடைய நீளக் காலுறைக்குள் ஒரு அட்டைக் குடும்பமே குடியேறியிருந்தது. அவற்றை உப்புப் போட்டு இறக்கும்போது அவர் சிங்களத்தில் சொன்னவற்றை நான் தமிழில் எழுத மாட்டேன். அதோடு புதன்கிழமை ரத்தானது.

குப்பையைப் பிரிப்பதற்கு மூன்று நிறத்தில் வாளி வேண்டும் என்றதும் அப்பா கடையிலிருந்து உடனே அனுப்பிவைத்தார். "சுத்தாடலுக்குத்தானே, நம்ம பங்கும் இருக்கட்டும்" என்றார். ஆபீஸ் முழுவதும் எல்லாக் குப்பையையும் பச்சை வாளியிலேயே போட்டார்கள். ஏன் என்று கேட்டேன். அதுதான் பார்க்க அழகாக இருக்கிறதாம்.

கடைசியில் வந்தது கோப்பைப் பிரச்சினை. ஆபீசுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் குடித்துவிட்டு எறியும் கோப்பையில்தான் தேத்தண்ணி கொடுப்பார்கள். பரிசோதகர் அம்மா கண்ணில் அது பட்டால் நான் காலி. என்ன செய்யலாம் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பனோடு, வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்கள் குவியும் எல்ல ஊருக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி பளபளவென்று மெருகேற்றிய தேங்காய்ச் சிரட்டையில் எதையோ வைத்து, அதைச் சாப்பிடாமல் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறி தட்டியது. சிரட்டை! மரத்தில் விளைகிறது, மண்ணில் மக்குகிறது, இதைவிடப் பசுமை ஏது?

பக்கத்துக் கடையிலேயே வாங்கினேன். கடைக்காரர் ஒவ்வொரு சிரட்டைக்கும் ஒரு வளையத்தை நீட்டி, இதில் வைத்தால்தான் நிற்கும் என்றார். பார்த்தேன், பிளாஸ்டிக் வளையம். "பிளாஸ்டிக்கா? எனக்கா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொள்கை என்றால் கொள்கை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. தேங்காயை இரண்டாக உடைத்தால் ஒரு பாதியில் கண் இருக்கும் அல்லவா? அதைத் தேய்த்து மெருகேற்றும்போது அந்தக் கண் திறந்துகொள்கிறது. நான் வாங்கியவற்றில் பெரிய சிரட்டைகள் எல்லாமே அந்தப் பாதிதான். அதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? மெழுகுதிரியை உருக்கி ஓட்டைகளை அடைத்தேன். தண்ணீர் ஊற்றிப் பரிசோதித்தும் பார்த்தேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. (பச்சைத் தண்ணீர் ஊற்றித்தான் பரிசோதித்தேன். டிப்ளோமாக்காரன்.)

செவ்வாய்க்கிழமை வந்தது. தலைவர் சலவை மடிப்புக் கலையாத வெள்ளையில் வந்து உட்கார்ந்தார். கூடவே பொன்னம்மா அக்கா, கமிட்டியில் எல்லோருக்குமாகச் சேர்த்துப் பேசுகிறவர், பின்னால் மற்றவர்கள். எதிர்ப்பக்கத்தில் தொரை, பரிசோதகர் அம்மா, பெரிய கிளாக்கர். ஆபீசில் தேத்தண்ணி போடும் காசி அண்ணன் கதவோரம் வந்து என்னைச் சைகையால் கூப்பிட்டார்.

"தம்பி, எல்லாருக்கும் இதுலயே ஊத்தவா?"

"விருந்தாளிகளுக்கு மட்டும் இதுல ஊத்துங்கண்ணே. தொரைக்கு அவரோட கோப்பை இருக்குல்ல? இருக்கிறத வீணாக்கக்கூடாது. சிரட்டை எண்ணி வாங்கினது, அதனால அந்த அம்மாவுக்கும் கிளாக்கர் ஐயாவுக்கும் தொரை செட்டுலயே குடுத்திருங்க."

"தலைவருக்கு?"

"ஆகப் பெரிய சிரட்டை!" என்றேன்.

காசி அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

தேத்தண்ணி வந்தது. அந்தப் பக்கம் தங்கக் கோடு போட்ட பீங்கான் கோப்பைகள், இந்தப் பக்கம் சிரட்டைகள். தலைவர் தன் கையிலிருந்த சிரட்டையைப் பார்த்தார். தொரையின் கோப்பையைப் பார்த்தார். மறுபடியும் சிரட்டையைப் பார்த்தார். பிறகு மிகவும் அமைதியாக, "யாரு ஏற்பாடு இது?" என்று கேட்டார்.

"நான்தாங்க தலைவரே!" இதற்காகவே காத்திருந்தவன் போல் முன்னால் வந்தேன். "உங்களுக்காகவே எல்லவுக்குப் போய்ப் பாத்துப் பாத்து வாங்கினது."

"எங்களுக்குன்னே?"

"ஆமாங்க. தொரைக்கெல்லாம் கிடையாது."

பரிசோதகர் அம்மா மட்டும் இங்கிலீசில் அற்புதம் அற்புதம் என்று கைதட்டி, தலைவரைச் சிரட்டையோடு படம் பிடித்தார். தலைவர் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வருவதற்குள் சுடுதண்ணீர் தன் வேலையைக் காட்டிவிட்டது. மெழுகு உருகி, சிரட்டை கண்ணைத் திறந்து, நேராக வேட்டிமேல் ஒழுக ஆரம்பித்தது. தலைவர் அதை மேசைமேல் வைக்கப் பார்த்தார். அடி உருண்டையான சிரட்டை எங்கே நிற்கும்? உருண்டது. பிடித்துத் தூக்கினார், சட்டைமேல் கொட்டியது. பதற்றத்தில் மிச்சத்தைக் குடித்தாவது தொலைத்துவிடலாம் என்று வாயில் கவிழ்த்தார், மிதந்துகொண்டிருந்த மெழுகு மொத்தமும் மீசையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் பொன்னம்மா அக்கா தன் சிரட்டையைக் கீழே வைக்கவும் முடியாமல் கையில் பிடிக்கவும் முடியாமல், "ஆத்தாடி! ஆத்தாடி!" என்று இடக்கைக்கும் வலக்கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார்.

தலைவர் எழுந்து நின்றார். "தொரை, எங்க தாத்தாவுக்கு பங்களா பின்வாசல்ல சிரட்டையிலதான் ஊத்துனாங்க. எங்கப்பா காலத்துல சண்ட போட்டுக் கோப்பை வாங்குனோம். இப்பத் திரும்பவும் சிரட்டையா? அதுவும் ஓட்டச் சிரட்டையா?"

பொன்னம்மா அக்கா என் பக்கம் திரும்பினார். "ஒங்க பஜார்லயும் அந்தக் காலத்துல தேத்தண்ணிக் கடைக்கு வெளிய ஆணியடிச்சு மாட்டி வச்சிருப்பாங்களாம் தம்பி, தோட்டத்து ஆளுங்களுக்குன்னே. நீங்க கேள்விப்பட்டதில்லயா?"

கேள்விப்பட்டிருக்கிறேன். அதுதான் கொடுமை. எங்கோ எப்போதோ கேட்டு, பழங்கதை என்று மறந்துபோனேன். என் புத்தியில் சிரட்டை என்றால் எல்லவும் வெள்ளைக்காரியும்தான் இருந்தார்கள். வெட்கத்தில் காது இரண்டும் கொதித்தன. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், காற்றுத்தான் வந்தது. அதற்குள் அவர்கள் எல்லோரும் வெளியேறிவிட்டார்கள், சிரட்டைகளோடு. ஒன்றைக்கூட விட்டுவிட்டுப் போகவில்லை. தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் சிரட்டைகளைத் தூக்கிப் பிடித்தபடி அவர்கள் தங்கள் லயத்து வீடுகளுக்கு இறங்குவதை சன்னலில் நின்று பார்த்தேன்.

பெரிய கிளாக்கர் ஐயா பெருமூச்சு விட்டார். "தம்பி, உந்தச் சிரட்டையை முதலே எனக்குக் காட்டியிருக்கலாமெல்லே? வேண்டாம் எண்டு சொல்லியிருப்பன்."

"ரெண்டு நாளா உங்க மேசமேலதான் ஐயா அடுக்கி வச்சிருந்தேன்."

"ஆர் கண்டது, இந்த இருட்டுக்குள்ள!" என்றார் அவர்.

மத்தியானம் சுகன்யாவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. 'வெள்ளிக்கிழமை வராதீங்க.' கொஞ்ச நேரத்தில் இன்னொன்று: 'இல்ல, வாங்க. வராட்டி இன்னும் மோசம்.' பிறகு மூன்றாவது: 'அப்பா மீசையில என்னத்தங்க ஒட்டி வச்சீங்க? சீப்பு ஒடஞ்சிருச்சு.'

மறுநாள் காலை பெரட்டு. ஆட்களைக் கூப்பிட்டு இன்ன மலைக்கு இன்னார் என்று வேலை பிரித்துக் கொடுக்கும் நேரம் அது. தொரையின் பின்னால் ஒளிந்தபடி நானும் போனேன். களம் நிறைய ஆட்கள் நின்றார்கள், கொழுந்துக் கூடை யார் முதுகிலும் இல்லை. எல்லோர் கையிலும் சிரட்டை! அடுப்படியிலிருந்து எடுத்து வந்த நார் உரிக்காத சிரட்டை, கரி பிடித்த சிரட்டை, பாதி உடைந்த சிரட்டை. ஒரு சத்தம் இல்லை. எல்லோரும் சிரட்டையை என் பக்கம் நீட்டினார்கள்.

"பச்ச ஆபீஸ் தம்பி, ஊத்துங்க" என்றார் பொன்னம்மா அக்கா.

தொரை என்னைத் திரும்பிப் பார்த்தார், அவருக்கு அந்தப் புதன்கிழமை அட்டையெல்லாம் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். தலைவர் முன்னால் வந்தார். அவருடைய மீசையில் ஒரு பக்கத்தைக் காணோம். மெழுகு போகாமல் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்திருக்கிறார்கள். சிரிக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நாங்க பெருசா ஒண்ணும் கேக்கல தொரை. நேத்து நாங்க குடிச்ச மாதிரி, அதே சிரட்டையில நீங்களும் குடிங்க. வேலைக்குப் போறோம்."

என்னுடைய அந்தப் பெரிய சிரட்டை தொரையின் கைக்கு வந்தது. காசி அண்ணன் கேத்தலோடு தயாராக நின்றார். அவர் முகத்தில் அவ்வளவு சுறுசுறுப்பை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. ஊற்றினார். தொரை ஒரு வாய் குடிப்பதற்குள் அது அரைக் காற்சட்டைமேல் ஒழுகி, காலுறைக்குள் இறங்கியது. அவர் ஒரு காலைத் தூக்கினார். பிறகு மற்றக் காலைத் தூக்கினார். பிறகு இரண்டையும். சிரட்டையை வைக்க இடம் தேடி, என் கையில் திணித்தார். நான் சூடு தாங்காமல் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். களம் முழுவதும் வெடித்துச் சிரித்தது. சிரிப்புக்கு நடுவே தொரை எப்படியோ அதைக் குடித்து முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "மாரிமுத்து, தப்பு நம்ம பக்கம். இனிமே இந்த ஆபீஸ்ல எனக்கு என்ன கோப்பையோ எல்லாருக்கும் அதே கோப்பை. இவனுக்கு மட்டும் கோப்பை கிடையாது" என்று என்னைக் காட்டினார். தலைவரின் மிச்சமிருந்த அரை மீசை லேசாக ஆடியது. ஆட்கள் கூடையை எடுக்கப் போனார்கள்.

அன்றே என் மேசைப் பலகையை இறக்கிவிட்டார்கள். சான்றிதழ் என்னவோ பிறகு கிடைத்தது. பரிசோதகர் அம்மா சொன்ன குறை ஒன்றே ஒன்றுதான்: ஆபீசில் வெளிச்சம் போதாது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "மடையா, நம்ம கடையில இல்லாத கோப்பையாடா?" வெற்றிலை, பழத் தட்டோடு ஒரு டசன் பிளாஸ்டிக் கோப்பையையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் கிளம்பினார். சுகன்யா வீடு லயத்தின் கடைசி வீடு. நாங்கள் அதுவரை நடக்கும்போது ஒவ்வொரு வாசலிலும் யாராவது நின்று சிரித்தார்கள். கடைசி வாசலில் மீசையே இல்லாத ஒருவர் நின்றார். அப்பா அவரிடம், "தம்பி, தலைவர் உள்ள இருக்காங்களா?" என்று கேட்டார். எனக்கு உயிர் போய்விட்டது. ஒரு பக்க மீசையோடு மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நிற்க முடியாமல் மனிதர் மறு பக்கத்தையும் எடுத்துவிட்டிருந்தார்.

"நான்தாங்க தலைவர். வாங்க" என்றார் அவர், என்னைப் பார்த்தபடி.

உட்கார்ந்தோம். சுகன்யா தேத்தண்ணி கொண்டுவந்தாள். அப்பாவுக்குக் கோப்பை, அம்மாவுக்குக் கோப்பை, எனக்கு அந்தச் சிரட்டை. கொடுக்கும்போது, "கண்ணு தொறந்துதான் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். சட்டென்று விரலை அடியில் கொடுத்து ஓட்டையை அடைத்துக்கொண்டேன். சன்னலில், கதவில், கோடிப்புறத்தில் எல்லாம் முகங்கள். விரல் வெந்தது. பேசாமல் குடித்தேன்.

"தலைவரே, நான் செஞ்சது பெரிய தப்பு. தெரியாமத்தான் செஞ்சேன், ஆனா தெரிஞ்சிருக்கணும்" என்றேன். செவ்வாய்க்கிழமை வராத வார்த்தை அன்றைக்குத்தான் வந்தது.

அவர் மீசை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார். "வெரலு சுடுதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க மாமா."

வாய் தவறிவிட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"மாமாவா?" என்றார் தலைவர்.

கதவிலிருந்து பொன்னம்மா அக்காவின் குரல் வந்தது. "அதான் வெரலு வேகவேகச் சொல்லிட்டாருல்ல, சும்மா என்ன கேள்வி? தேதியப் பாருங்க."

பார்த்தார்கள். இப்போது எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். நாங்கள் லயத்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு முறையும் எல்லோருக்கும் கோப்பை, எனக்குச் சிரட்டை. "அப்பா வந்தாச்சு, சிரட்டைய எடுங்க" என்று மகள்தான் முதலில் ஓடுவாள். மாமனாருக்கு மீசை பழையபடி வளர்ந்துவிட்டது, நான் கிட்டே போனால் மட்டும் அதைக் கையால் மூடிக்கொள்கிறார்.

போன தைப்பொங்கலுக்குப் போயிருந்தபோது என் முன்னால் ஒரு சின்ன மரத் தாங்கியைக் கொண்டுவந்து வைத்தார். பழைய தேயிலை மரத்து வேரில் அவரே செதுக்கியது, அத்தனை நேர்த்தி. சிரட்டையை அதில் வைத்தேன், முதல்முறையாக ஆடாமல் நின்றது. ஆகா, ஒருவழியாக மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். சுகன்யா தேத்தண்ணி ஊற்றினாள். ஒழுகியது.

"மாமா, கண்ண அடைக்கலையே?"

"அடைக்க மாட்டேன் மாப்பிள்ள. நல்லாப் பாருங்க."

குனிந்து பார்த்தேன். தாங்கியின் அடியில், சிரட்டையின் கண்ணுக்கு நேராக, என் விரல் நுழைகிற அளவுக்கு, வழவழவென்று ஒரு துளை வைத்திருந்தார்.